நாற்பத்திரண்டு பார் ஐஸ்

அந்தப் படத்தில் செத்தவன்
ஒருதரம் தும்முவான்.
அந்தத் தும்மலுக்குக் காரணம் நான்.

காசிமேடு ஐஸ் கம்பெனியில்
உடைக்கிற மெஷினுக்கு நான்தான் ஆள்.
இத்தாலிக்காரர்கள் வேனில் வந்து இறங்கியபோது
மீனுக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.
"பொணத்துக்கு" என்றார் மேனேஜர் சற்குணம்,
சிரிக்காமல்.

கதை இவ்வளவுதான்:
ஜெனோவாக் கப்பலின் சமையல்காரன் ஒருவன்
நம்ம ஹார்பருக்குள் நுழையும்போது
மாரடைப்பில் போய்விடுகிறான்.
பதினோரு வருடம் பேசாத தம்பி
உடம்பை வாங்கிப்போக வருகிறான்.
ஒரு சீல் குறைகிறது.
சீல் வைக்கிறவர் லீவு.
லீவு முடிந்து வந்தால் பேடில் மை இல்லை.
அதுவரைக்கும் அண்ணன் ஐஸில்,
தம்பி ராயபுரம் லாட்ஜில்,
தினம் சாயங்காலம் வந்து
பெட்டி மூடியோடு சண்டை போட்டபடி.

டைரக்டர் பெயர் ஒரேத்தா.
அவள் அப்பா, சித்தப்பா கதைதானாம்.
அவள் சொல்லவில்லை.
சவுண்டு எடுக்கிற துல்லியோ
என்னிடம் ஒரு பீடி வாங்கிக்கொண்டு
கையால் சொன்னான்.
பாதி நானாகப் போட்டுக்கொண்டது.

லைட் போட்டால் ஐஸ் நிற்குமா?
டேக்குக்கு டேக் புதுசு.
மூன்று நாளில் நாற்பத்திரண்டு பார்.
பொணமாய்ப் படுத்த கிழவருக்கு
உதடு தானாகவே நீலமாகிவிட
மேக்கப் பெண் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒப்பாரிக்கு அஞ்சலாட்சியைப் பிடித்தார்கள்.
விடியற்காலை ஏலத்தில்
நாலு போட்டு தாண்டிக் கேட்கிற தொண்டை.
"யாருன்னே தெரியாதவனுக்கு இன்னான்னு அழுவறது?"
கேட்டுவிட்டு,
தன் வட்டிக் கடனை நினைத்து ஆரம்பித்தாள்.
நிஜமாகவே வந்துவிட்டது அவளுக்கு.
மாரில் அடித்துக்கொண்டு குனிந்த நேரம்
கிழவர் தும்மினார்.
பழக்கதோஷம், அவள் வாய் சொல்லிவிட்டது:
"நூறு!"

ஒரேத்தா கட் சொல்லவில்லை.
வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.
சிரிப்பா, மற்றதா,
நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து
பென்டிரைவில் வந்தது படம்.
மன்னார்சாமி கோயில் தெரு கேரம் கிளப்பில்
போர்டுகளைச் சாத்திவைத்துவிட்டு
சுவரில் போட்டோம்.
கீழே ஓடுகிற இங்கிலீஷை
பாலிடெக்னிக் படிக்கிற ரீகன் வாசித்துச் சொன்னான்.
தும்மல் வந்தது.
"நூறு ரூபாய்னு போட்டிருக்கான்க்கா."
"அடப்பாவி" என்றாள் அஞ்சலாட்சி,
"ஆயுசைச் சொன்னா ஏலம்னு எழுதிட்டானே!"

கடைசிக் காட்சி ஜெனோவா.
பெட்டி ஊர் வந்து சேர்ந்துவிட்டது.
தம்பி மூடியைத் திறந்து
ஐஸுக்குள் கையை விடுகிறான்.
எடுக்கவில்லை.
வெறுங்கை முப்பது எண்ணும்வரை தாங்கும்,
எனக்குத் தெரியும்.
நான் எண்ணினேன். ஐம்பத்தெட்டு.
அந்தக் கை நடிக்கவில்லை.

அப்புறம்தான் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன்.
நீலக் கதவு புதுசு,
சன்னலில் தொங்கிய பூந்தொட்டி புதுசு.
ஆனால் இடது மூலையில் காரை பெயர்ந்த இடம்
என் சைக்கிள் ஹேண்டில் இடித்து இடித்துப் பெயர்ந்தது.
எங்கள் கம்பெனிப் பின்சுவர்.
அங்கே தியேட்டரில் உட்கார்ந்து
நம்ம ஊர் என்று கண்ணைத் துடைத்திருப்பார்கள்.

சொன்னேன்.
யாரும் ஒன்றும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
"அப்போ நாம குந்தினுகீறது இன்னா ஊரு?"
என்றாள் அஞ்சலாட்சி.

பெயர்கள் ஓடின.
ஐஸ் என்று ஒரு வரி இருந்ததாம்.
எதிரே கம்பெனியின் பெயர்,
அதுவும் பழைய ஓனருடையது.
ரீகன் நிறுத்தி நிறுத்தித் தேடினான்.
அஞ்சலாட்சி 'ஆஞ்செலா' ஆகியிருந்தாள்.
போகட்டும் என்று சொல்லிவிட்டு
அந்தப் பெயரை இரண்டுதரம்
வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

மணி ஒன்றரை.
மூன்று மணிக்கு போட்டுகள் வரும்.
மெஷினை ஓட விடவேண்டும்.